மாலை ஆறு முப்பத்தொன்று

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். காரணங்கள் பிறகு.

1. என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, பொழுது சாய்ந்தபின் கண் தெரியாது. பகலில் நன்றாகத் தெரியும்.

2. இது வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கு அப்போது பதினொரு வயது.

3. தெரிந்தால் அப்பா அத்தையை வேலைக்கு அனுப்ப மாட்டார். அத்தை தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடிக்குப் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார்.

4. அவர் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்பதால், சூரியன் மறையும் நேரத்தைக் கணக்குப் போட்டுத் தரும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

5. மூன்று மாதம் என் கணக்கு சரியாக இருந்தது. சரியாக இருப்பதாக நாங்கள் இருவரும் நம்பினோம்.

6. அரையாண்டு விடுமுறையில் அப்பா எல்லோரையும் பச்சைமலைக்கு அழைத்துப்போனார். அத்தை வரமாட்டேன் என்றார். அன்று சூரியன் ஆறு முப்பத்தொன்றுக்குத்தான் மறையும் என்று நான் சொன்னேன். அதை நம்பி வந்தார்.

7. ஐந்து இருபதுக்கே மலைப்பாதையில் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் நம் மலையேற்றக் குழுவில் போன வாரம் வந்த ஒரு செய்தி. “சன்செட் ஆறு பத்துக்கு. அஞ்சே காலுக்கு இறங்க ஆரம்பிச்சா போதும்” என்று ஒருவர் போட்டிருந்தார். போனைப் பார்த்துச் சொன்ன நேரம், அதில் பிழை இல்லை. நான் “மலையின் எந்தப் பக்கம் இறங்குகிறோம்?” என்று மட்டும் கேட்டேன். எதற்கு இந்தக் கேள்வி என்று நான்கு பேர் திருப்பிக் கேட்டார்கள். அவர்களுக்கான பதில் இது. கொஞ்சம் நீளம்.

அத்தையின் விஷயம் எனக்குத் தெரியவந்தது ஒரு புரட்டாசி மாதச் சனிக்கிழமை. அம்மா மண்டபம் படித்துறைக்கு நானும் அத்தையும் போயிருந்தோம். காவிரியில் புதுத்தண்ணீர் ஓடியது. செம்மண் கரைந்த நிறம், ஈரத் துணியும் துளசியும் கலந்த வாசனை. கடைசியாகக் குளித்தவர்கள் கரையேறி, ஈரத் தலையோடு நின்று திருமண் இட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அத்தை மேலே ஏறுவதற்குப் பதிலாக ஒரு படி கீழே கால் வைத்தார். தண்ணீர் முழங்கால்வரை வந்தது. ஒரு கால் செருப்பு கழன்று மிதந்து போனது. பழுப்பு நிறம், குதிகாலில் சின்னப் பித்தளை வளையம் வைத்தது. அது எங்கே போகிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அத்தை நேர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு, “எங்கடி போகுது?” என்றார்.

“அந்தப் பக்கம் அத்தை. அதோ.”

“அதோன்னா எங்க?”

நான் கையை நீட்டிக் காட்டினேன். அவர் என் கையையும் பார்க்கவில்லை.

மேலே வந்து கல்லில் உட்கார்ந்தபின் அவரே சொன்னார். “எனக்கு இருட்டினா தெரியாது. சுத்தமா தெரியாது. ஸ்கூல் படிக்கிறப்பலேருந்தே இப்படித்தான். உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா நாளையிலேருந்து வேலை கிடையாது, வீட்டோட இருன்னு சொல்லிடும். நீ சொல்லுவியா?”

“மாட்டேன்.”

“சத்தியம்லாம் வேணாம். சும்மா சொல்லாம இரு, போதும்.”

அன்று ஒற்றைச் செருப்போடு, என் தோளில் கை வைத்தபடி வீட்டுக்கு வந்தார். செருப்பு தொலைந்ததற்கு அம்மாவிடம் திட்டு வாங்கியது நான். விளையாடினேன் என்று சொல்லிவிட்டோம்.

அத்தைக்கு இருபத்தேழு வயது. ஐடிஐ-யில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்தவர். துவாக்குடியில், கொதிகலன்களுக்கு உதிரிபாகம் செய்யும் சின்ன யூனிட் ஒன்றில் வரைபடம் போடும் வேலை. மாலையில் வரும்போது அவர் புடவையில் இரும்பும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசனை இருக்கும். எனக்குப் பிடிக்கும். அம்மாவுக்குப் பிடிக்காது. கைப்பையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் டார்ச் வைத்திருந்தார். அதன் வெளிச்ச வட்டத்துக்குள் இருப்பது கொஞ்சம் தெரியும், வெளியே இருப்பது தெரியாது என்று பின்னால் ஒருமுறை சொன்னார்.

பெரியவர்கள் அத்தையைப் பற்றி வைத்திருந்த முடிவுகள் இவை: திமிர் பிடித்தவள் (அப்பா). பயந்தாங்கொள்ளி, கல்யாணமானால் சரியாகிவிடும் (அம்மா). டிவி சீரியல் பைத்தியம் (மாடிவீட்டு மாமா). மூன்றுக்கும் ஒரே ஆதாரம்தான். ஆறு மணிக்குமேல் அத்தை எங்கேயும் வரமாட்டார். கல்யாண வரவேற்பு, பொருட்காட்சி, வைகுண்ட ஏகாதசிக் கூட்டம், எதற்கும் ஏதாவது ஒரு காரணம் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவார். ஒருமுறை பெண் பார்க்க வந்தவர்கள் மாலை ஆறரைக்கு வந்தார்கள். காபித் தட்டோடு அத்தை கூடத்து வாசலுக்கு வந்த நேரம் கரண்ட் போனது. யாரோ மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அத்தை அசையாமல் அங்கேயே நின்றார். “வா, வந்து குடு” என்று அப்பா மூன்று தடவை சொல்லியும் நகரவில்லை. வந்தவர்கள் கிளம்பிப் போனபின், “மகாராணிக்கு நாலு அடி எடுத்து வைக்க மனசில்லை” என்றார் அப்பா. அந்தக் கூடத்தில் எங்கே நாற்காலி, எங்கே மனிதர்கள் என்று அத்தைக்குத் தெரிந்திருக்காது. இது எனக்கே பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

இனி கணக்கு.

அத்தைக்கு வேலை நாலரைக்கு முடியும். துவாக்குடி பஸ்ஸில் சத்திரம் பஸ் நிலையம், அங்கிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம். இறங்கும்போது ஐந்தே முக்கால். நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிட நடை. டியூஷன் முடிந்து வருகிற சாக்கில் நான் நிறுத்தத்தில் நிற்பேன். அவர் தோளில் கை வைப்பார். பார்ப்பவர்களுக்கு அது பிரியம்.

எத்தனை மணிவரை வெளிச்சம் இருக்கும் என்று தெரிந்தால் எந்தப் பஸ்ஸைத் தவறவிடலாம், எதைத் தவறவிடக் கூடாது என்று முடிவு செய்யலாம். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், வீட்டுக்கு வீடு தினம் ஒரு தாளாகக் கிழிக்கும் நாள்காட்டி தொங்கும். ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம், அன்றைய நட்சத்திரம் எல்லாம் அதில் இருக்கும். மூலையில் சூரிய உதயம் இருக்கும். அஸ்தமனம் இருக்காது. எங்கள் வீட்டுக் காலண்டரில் இல்லை. நான் என்ன செய்தேன் என்றால், உதயத்தோடு பன்னிரண்டு மணி நேரத்தைக் கூட்டினேன். அது எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் நானாகக் கண்டுபிடித்ததும் இல்லை. ராகுகாலத்தை எல்லோரும் பகலைப் பன்னிரண்டு மணியாக எடுத்துக்கொண்டு எட்டாகப் பிரித்துத்தான் பார்க்கிறார்கள். பகல் என்றால் முப்பது நாழிகை, அதாவது பன்னிரண்டு மணி நேரம், என்றுதான் வீட்டில் பேசுவார்கள். எங்கள் பக்கத்தில் வளர்ந்த பிள்ளை வேறு எந்த எண்ணைக் கூட்டும்?

கூட்டியதோடு விடவில்லை, சரிபார்த்தேன். மாடிவீட்டுத் தண்ணீர்த் தொட்டியின்மேல் ஏறி நின்று, மேற்கே தென்னந்தோப்புக்குப் பின்னால் சூரியன் இறங்கும் நேரத்தை அப்பாவின் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். மர உயரத்துக்காக ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டேன். இரண்டு வாரத்தில் நான்கு நாள் பார்த்தேன். என் கணக்குக்கும் கடிகாரத்துக்கும் வித்தியாசம் ஒரு நிமிடம், மூன்று, ஐந்து, எட்டு. அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் “பத்து நிமிடத்துக்குள். சரி” என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

ஒன்று, மூன்று, ஐந்து, எட்டு. இன்று யாராவது அப்படி ஒரு வரிசையைக் கொண்டுவந்து காட்டினால், இது ஒரே பக்கமாக வளர்கிறதே என்று முதல் பார்வையில் சொல்லிவிடுவேன். அளவீடுகளில் அதைக் கண்டு சொல்வதற்காகத்தான் எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். அன்று எனக்கு அது நான்கு சின்ன எண்களாகத்தான் தெரிந்தது.

புரட்டாசியில் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். அதனால் என் விதி தேறியது. பிறகு ஐப்பசி மழை வந்தது. மூன்று, நான்கு வாரம் மாலையில் சூரியனையே பார்க்க முடியவில்லை. சரிபார்ப்பதை நிறுத்திவிட்டேன். விதி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கார்த்திகையில் ஒருநாள் அத்தை, “நீ ஆறு பத்துன்னு சொன்ன, எனக்கு அஞ்சே முக்காலுக்கே பஸ்ல கம்பத்தைக் கட்டிப்பிடிக்க வேண்டியதாப் போச்சுடி” என்றார்.

“மேகம் அத்தை.”

“மேகமாத்தான் இருக்கும்.”

இருவருக்கும் அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. மேகம் கலைந்த நாட்களிலும் சீக்கிரம் இருட்டியது. அதை நாங்கள் பேசவில்லை.

அப்பாவுக்கு ஊர்சுற்றுவதில் ஆசை. ஆபீசில் வாங்கிய பழுப்புத் தாளில் கிளம்பும் நேரம், டிபன், சாப்பாடு, திரும்பும் நேரம் என்று எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவார். அந்த மார்கழியில் மாடிவீட்டு மாமாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் பச்சைமலையில் மரவள்ளி போட்டிருந்தார். மழை நல்ல மழை, அருவியில் தண்ணீர் இருக்கிறது, வேன் ஏற்பாடு செய்யலாம் என்று மாமா சொன்னார். மாமா, மாமி, அப்பா, அம்மா, நான். அத்தையைப் பற்றித்தான் பேச்சு.

“என்ன சார், தங்கச்சி வருதா? இல்ல வழக்கம்போல ஆறு மணிக்குக் கதவைச் சாத்திட்டு சீரியலா?” என்றார் மாமா.

“அவளையே கேளுங்க. எனக்கெல்லாம் பதில் வராது” என்றார் அப்பா.

அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார். “எத்தனை மணிக்குத் திரும்புவோம்?”

“அருவிக்கு வேன் போகாது, ஒரு மணி நேரம் நடை. நாலே முக்காலுக்கு அங்கேருந்து கிளம்பினா அஞ்சே முக்காலுக்கு வேன்ல இருக்கலாம். அதுக்கப்புறம் உக்காந்து வர வேண்டியதுதானே. ஆறரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும். பாப்பா, சூரியன் எத்தனை மணிக்கு மறையுது ஞாயித்துக்கிழமை?”

நான் காலண்டரில் தாளைப் புரட்டிப் பார்த்தேன். உதயம் 6.31.

“ஆறு முப்பத்தொண்ணு.”

“பார்றா!” என்றார் மாமா. “முப்பதும் இல்லையாம், முப்பத்தொண்ணாம். ஒரு நிமிஷம் முன்னப் பின்ன ஆனா சூரியனுக்கு மெமோ குடுத்துருவோம் சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கவில்லை.

சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனபோது அத்தை தனியாகக் கேட்டார். “நிச்சயமாத்தானே சொல்ற?”

“நாலு நாள் செக் பண்ணேன் அத்தை.”

“மலையிலயும் அதே நேரம்தானா?”

“சூரியன் ஒண்ணுதானே அத்தை.”

அவர் சிரித்துவிட்டார். “அதுவும் சரிதான். முக்கால் மணி நேரம் கையில இருக்குல்ல. வரேன். அருவின்னு ஒண்ணைப் பார்த்தே பத்து வருஷம் ஆச்சு.” அந்தப் பச்சை டார்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டார். பட்டப்பகலில் டார்ச்சோடு போனால் மாமா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார் என்றார்.

பத்து மணிக்கு மலைமேல் இருந்தோம். மாமாவுக்குத் தெரிந்தவர் வீட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, கூடவே வரமிளகாயும் பூண்டும் அரைத்த துவையல். கிழங்கின் மாவு விரலில் ஒட்டும். வீட்டுக்குப் பின்னால் தினைத் தாள் குவித்து வைத்திருந்தார்கள், வெயிலில் அதன் வாசனை சூடான காகிதம்போல இருந்தது. அத்தை அன்று நிறையப் பேசினார். மாமியோடு தாயம் விளையாடி ஜெயித்தார். “உங்க தங்கச்சிக்கு இவ்வளவு வாய் இருக்கா சார்?” என்று மாமா வியந்தார்.

அருவிக்கு நடந்தது இரண்டரைக்குமேல். பாதை சரிவில் இறங்கி, நடுவில் ஒரு ஓடையைக் கற்கள்மேல் தாண்டி, மரங்களுக்குள் புகுந்து ஒரு பள்ளத்தில் முடிந்தது. அருவி பெரிதில்லை. தண்ணீர் மட்டும் பல் கிட்டும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தலையைக் கொடுத்து நின்றார்.

நாலு நாற்பதுக்கு வெயில் போனது.

மேகமே இல்லை. மேற்கே இருந்த மலை முதுகுக்குப் பின்னால் சூரியன் போய்விட்டது, அவ்வளவுதான். எதிர்ச் சரிவில் மட்டும் மஞ்சள் வெயில் நின்றது. “இன்னும் நல்ல வெயில் இருக்கே” என்று அம்மா அதைக் காட்டினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அத்தையைப் பார்த்தேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, “ஏண்டி, மணி என்ன?” என்றார். சொன்னேன். துவட்டுவதை நிறுத்திவிட்டார்.

அப்பா நாலே முக்காலுக்குக் கிளம்பச் சொன்னார். மாமா இன்னொரு முறை அருவிக்குள் போனார். கிளம்பியபோது ஐந்து மணி.

மரங்களுக்குள் ஏறும்போது அத்தையின் கை என் தோளுக்கு வந்தது. முதலில் இரண்டு விரல். பிறகு முழுக் கை. அப்பாவும் மாமாவும் முன்னால், அம்மாவும் மாமியும் நடுவில், நாங்கள் கடைசியில். எனக்கு எல்லாம் தெரிந்தது, அதுதான் விசித்திரம். சாதாரண சாயங்கால வெளிச்சம். நான் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். “கல்லு. வேரு. வேரு. பள்ளம், சின்னது. கல்லு.”

மாமா திரும்பிப் பார்த்தார். “என்ன பாப்பா, காய்கறி விக்கிறியா?”

“விளையாட்டு மாமா.”

“எங்களுக்கும் ஒரு கிலோ வேரு போடு.”

ஐந்து இருபது இருக்கும், “எனக்கு இப்ப ஒண்ணுமே தெரியலடி” என்றார் அத்தை. குரலில் பதற்றம் இல்லை. தகவல் சொல்வதுபோல் சொன்னார். “நீ நிக்காத. நின்னா பார்ப்பாங்க.”

ஓடை வந்தது. தாண்டிவைக்க மூன்று கற்கள். மற்றவர்கள் தாண்டிவிட்டார்கள். நான் முதல் கல்லில் நின்று அத்தையின் கையை இழுத்தேன். அவர் காலால் துழாவினார், கல் அகப்படவில்லை. கரையிலேயே நின்றுவிட்டார்.

“என்னம்மா அங்கேயே நின்னுட்ட? தாண்டு!” அப்பா அக்கரையிலிருந்து கூப்பிட்டார்.

“செருப்பு வாரு விட்டுடுச்சுண்ணே. நீங்க போங்க, நான் வரேன்.”

“செருப்பைக் கையில எடுத்துக்க, அதுக்கா நிப்ப?” அலுத்துக்கொண்டே அப்பா கற்கள்மேல் திரும்பி வந்தார். நான் ஒதுங்கிக் கரைக்கு ஏறினேன். அவர் அந்த முதல் கல்லுக்கு வந்து கையை நீட்டினார். “இந்தா, பிடி.”

அத்தை குரல் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தார். கையைப் பிடிக்கவில்லை.

“பிடின்னு சொல்றேன்ல.”

“தங்கச்சிக்கு ஏதோ கோவம் போல சார்” என்றார் மாமா அக்கரையில்.

அப்பாவின் கை அத்தையின் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அத்தை தன் கையைத் தூக்கி, அதற்கு அரை அடி தள்ளி, காற்றில் தேடினார். அப்பா அசையாமல் நின்றார். பிறகு நீட்டிய கையை அவர் கண்முன்னால் இடமிருந்து வலமாக மெதுவாகக் கொண்டுபோனார். அத்தையின் கண் நகரவில்லை. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அப்பா கையை இறக்கினார்.

“எத்தனை நாளா?” என்றார் அப்பா.

“ஸ்கூல் படிக்கிறப்பலேருந்து.”

அப்பா கல்லிலிருந்து தண்ணீருக்குள் இறங்கினார். பேன்ட் தொடைவரை நனைந்தது. அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீருக்குள்ளேயே நடத்தி அக்கரை சேர்த்தார். வேன்வரை அந்தப் பிடியை விடவில்லை. மற்றவர்கள் பின்னால் நடந்தோம். வேனில் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்கு முன்னும் பின்னும் அப்படி நான் பார்த்ததில்லை. அம்மா மட்டும் பாதி வழியில், “அகத்திக்கீரை, முருங்கைக்கீரை தினம் குடுத்தா சரியாயிடும்” என்றார். அடுத்த மூன்று மாதம் எங்கள் வீட்டில் கீரை இல்லாத நாள் இல்லை.

மறுநாள் காலையில் அப்பா பேசினார். சத்தம் போடவில்லை.

“இனிமே துவாக்குடி வேணாம். இன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிடுறேன்.”

“ரெண்டரை வருஷமா போயிட்டு வரேண்ணே. ஒரு நாள் விழுந்தேனா?”

“விழுந்திருந்தா?”

“விழலையே.”

“பஸ் ஏறி இறங்கற விஷயம். நீ என்ன சொன்னாலும் சரி, எனக்கு மனசு ஒப்பல.” பிறகு என்னைப் பார்த்தார். “பாப்பா, உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“அதுக்கு என்ன தெரியும்? குழந்தை” என்றார் அத்தை உடனே.

நான் எதுவும் சொல்லவில்லை. அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

என் பிழையை நான் பிற்பாடு பிரித்துப் பார்த்தேன். மார்கழியில் எங்கள் ஊரில் பகல் பன்னிரண்டு மணி நேரம் கிடையாது, ஏறக்குறைய பதினொன்றரை. பஞ்சாங்கத்தில் அந்தந்த மாதப் பகலின் அளவு நாழிகைக் கணக்கில் இருக்கிறது. எங்கள் வீட்டு அலமாரியிலேயே ஒன்று இருந்தது, நான் திறந்து பார்த்ததில்லை. ஆக, சமவெளியிலேயே ஆறு மணிக்கு மறைந்திருக்கும். அரை மணி நேரம் அங்கே போனது. மலை முதுகு இன்னும் ஒரு மணி நேரத்துக்குமேல் தின்றது. மரநிழல் வேறு. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: காலை தாமதமாவதும் மாலை சுருங்குவதும் கைகோத்து நடப்பதில்லை. எங்கள் ஊரில் மாலை மிகச் சீக்கிரம் வருவது கார்த்திகை தொடக்கத்தில். அத்தை கம்பத்தைக் கட்டிப்பிடித்தது அப்போதுதான். அது மேகமில்லை.

இவையெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். பெரிய பிழை வேறு. சூரியன் எப்போது மறைகிறது என்பது அத்தைக்கு வேண்டிய எண்ணே இல்லை. அவருக்கு எப்போது தெரியாமல் போகிறது என்பதுதான் வேண்டியது. அது எந்தத் தாளிலும் இல்லை, அவரிடம்தான் இருந்தது. மூன்று மாதம் தினமும் பஸ் நிறுத்தத்தில் அவருக்காக நின்றிருக்கிறேன். ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்போது நம் குழுவில் நேரம் குறிக்கும்போது நான் மூன்றைக் கேட்கிறேன். அன்றைய தேதிக்கு அந்த ஊரின் அஸ்தமனம். மேற்கில் என்ன நிற்கிறது. கூட வருபவர்களில் யாருக்கு வெளிச்சம் முதலில் தீரும். மூன்றாவதற்கு யாரும் உடனே பதில் சொல்வதில்லை. தனியாகக் கேட்டால் சொல்கிறார்கள்.

அத்தையைத் தை மாதத்தில் ஒரு பெரிய கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். நானும் போனேன். விழித்திரையில் பிறவியிலேயே இருக்கும் கோளாறு, கீரையால் மாறாது, பக்கப் பார்வை மெதுவாகக் குறைந்துகொண்டே வரும் என்றார் டாக்டர். அவர் ஒரு சின்னப் பெண்மணி, குரல் மட்டும் கனமானது. அப்பா, “வேலைக்குல்லாம் போகக் கூடாதுல்ல டாக்டர்?” என்று கேட்டார்.

“யார் சொன்னா? பகல்ல ஏன் போகக் கூடாது?”

வீட்டுக்கு வந்து மற்றதையெல்லாம் அம்மாவிடம் சொன்ன அப்பா இதைச் சொல்லவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. ஓடைக்கரையில் காற்றில் தேடிய அந்தக் கையைப் பார்த்தபின் அவரால் அத்தையைப் பஸ்ஸில் ஏற்றிப் பார்க்க முடியவில்லை. அதை அவர் கவலை என்று நினைத்தார். அத்தை அதைச் சிறை என்று நினைத்தார். இருவர் சொன்னதும் உண்மை என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் நின்றுபோன வேலை அத்தையுடையது மட்டும்தான்.

பங்குனியில் ஒருநாள் காலை பத்து மணிக்கு அத்தை புடவை உடுத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கையில் ஒரு ரெக்சின் பை.

“எங்க?” என்றார் அப்பா.

“துவாக்குடிக்கு. யூனிட்டுக்கு மூணு கட்டடம் தள்ளி, காலேஜ் பொண்ணுங்க தங்குற வீட்டுல ஒரு ரூம் பார்த்திருக்கேன். முதலாளிகிட்ட கண்ணைப் பத்திச் சொல்லிட்டேன், திரும்ப வரச் சொல்லிட்டார். எனக்குப் பஸ்ஸும் வேணாம், சாயங்காலமும் வேணாம்ணே. நாலரைக்கு வேலை முடிஞ்சா நாலு முப்பத்திரண்டுக்கு ரூம்ல இருப்பேன்.”

“தனியா இருந்துடுவியா?”

“இங்க மட்டும் கூட்டமாவா இருந்தேன்?”

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனார். அம்மா ஒரு டப்பாவில் எலுமிச்சை ஊறுகாய் போட்டுக்கொடுத்தார். பஸ் நிறுத்தம்வரை பையை நான் தூக்கிக்கொண்டு போனேன். நல்ல வெயில். அத்தை என் தோளைப் பிடிக்கவில்லை, எனக்கு இரண்டடி முன்னால் வேகமாக நடந்தார். பஸ் ஏறும்போது, “நேரம் நல்லாத்தான் பார்த்த, மலையைத்தான் பார்க்கல” என்றார். அது அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே குறை.

அப்பா இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை. மூன்றாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல் துவாக்குடிக்குப் போய்விட்டு மதியம் திரும்பினார். பிறகு மாதம் ஒருமுறை போனார். இப்போதும் போகிறார்.

அத்தைக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. பக்கப் பார்வை முழுவதும் போய்விட்டது. நேரே ஒரு தட்டு அளவுக்குத் தெரிகிறது. வரைபடங்களைக் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாக மாற்றி, பெரிய திரையில் வரைகிறார். மடக்கும் கைத்தடி ஒன்று வைத்திருக்கிறார், பகலில் வெளியே போகும்போது எடுத்துக்கொள்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் குடும்பத்தில் மற்ற எல்லோரும் கண் பரிசோதனை செய்துகொண்டோம், வேறு யாருக்கும் இல்லை. அவர் சேர்ந்த யூனிட் கைமாறி, பெயர் மாறி, அதே இடத்தில் இருக்கிறது. அத்தையும் அங்கேதான் வேலை செய்கிறார்.